பிஞ்சோர்: ஒரு தோட்டம் ஏன் காலியானது? ஒரு கோவில் எங்கே போனது?

சண்டிகரிலிருந்து சிம்லா போகும் பழைய சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் பிஞ்சோர் வரும். ஹரியானாவின் பஞ்ச்குலா மாவட்டத்தில் இருக்கும் சிறு நகரம். ஒரு பக்கம் சிவாலிக் குன்றுகள், மறுபக்கம் கசௌலி மலை. இரண்டுக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கும் இந்த மாதிரிப் பள்ளத்தாக்கை அந்தப் பக்கத்தில் தூன் என்பார்கள். டேராடூனும் அதே வகைதான். இந்தப் பள்ளத்தாக்கில் அரசத் தோட்டம் ஒன்றும், அதன் பக்கத்திலேயே பீமாதேவி கோவிலின் இடிபாடுகளும் இருக்கின்றன. தோட்டம் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைக்கப்பட்டது. கோவில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது.

தோட்டத்தைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான் வரும். ஔரங்கசீப்பின் அதிகாரி ஒருவர் ஆசை ஆசையாகத் தோட்டம் போட்டார். உள்ளூர் ராஜாக்கள் தந்திரம் செய்து அவரை ஓட வைத்தார்கள். கேட்கச் சுவையாக இருக்கும். அதில் மருத்துவமும் இருக்கிறது, அரசியலும் இருக்கிறது. ஆனால் அந்தக் கதையின் எந்தப் பகுதி தாங்கும், எது தாங்காது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. இந்த ஆய்வு அதற்கான முயற்சி. கூடவே, கதைக்குள் வராமலேயே போய்விட்ட கோவிலையும் பார்க்க வேண்டும்.

முதலில் தண்ணீர்

பிஞ்சோரில் யார் வந்து எதைக் கட்டினாலும் அதற்குக் காரணம் தண்ணீர்தான். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய கூழாங்கல்லும் சரளையும் மணலும்தான் இந்தத் தூனின் தரை. மழைநீர் மலையடிவாரத்தில் அந்தச் சரளைக்குள் இறங்கிவிடும். சற்றுத் தாழ்ந்த இடத்தில், களிமண் படுகை குறுக்கிடும்போது, ஊற்றாக வெளியே வரும். அதனால்தான் ஊரில் படிக்கிணறுகளுக்குப் பஞ்சமில்லை. பக்கத்திலேயே கௌசல்யா ஆறு ஓடுகிறது. அது போய் கக்கர் ஆற்றில் சேரும். 2012இல் கட்டி முடித்த கௌசல்யா அணையும் இங்கேதான் இருக்கிறது.

இந்த ஊரின் பெயர் நிலவியலிலும் உண்டு. சிவாலிக் பாறை அடுக்குகளில் ஒன்றுக்கே பிஞ்சோர் அடுக்கு என்று பெயர். பழங்கால யானை, குதிரை, மாட்டினங்களின் புதைபடிவங்களுக்குப் பேர்போன அடுக்கு அது. கற்கால மனிதர்களின் கல் கருவிகளும் இந்தப் பகுதியில் கிடைத்திருக்கின்றன. ஆக, முகலாயர் வந்து கண்டுபிடித்த இடம் என்று இதைச் சொல்லவே முடியாது. பாண்டவர்கள் வனவாசத்தின்போது இங்கே தங்கினார்கள், அதனால் பஞ்சபுரம் என்று பெயர் வந்தது என்பது ஊர் நம்பிக்கை. ஏறக்குறைய 1030இல் இந்தியாவைப் பற்றி எழுதி முடித்த நடு ஆசிய அறிஞர் அல்பெரூனி, கன்னோசியிலிருந்து காஷ்மீர்ப் பக்கம் போகும் வழியைச் சொல்லும்போது பிஞ்சோரையும் குறிப்பிடுகிறார். சமவெளியிலிருந்து மலைக்கு ஏறுகிறவர்கள் தண்ணீருக்காகத் தங்கிப்போகும் இடமாக அப்போதே இது இருந்திருக்க வேண்டும். பீமாதேவி கோவில் எழுந்த காலமும் ஏறக்குறைய அதுதான்.

ஃபிதாய் கானும் அவருடைய தோட்டமும்

தோட்டத்தை அமைத்தவர் ஃபிதாய் கான் கோகா. இயற்பெயர் முஸஃப்பர் உசேன். ஔரங்கசீப்புக்குப் பால் கொடுத்த செவிலித்தாயின் குடும்பத்துப் பிள்ளை. கோகா என்ற பட்டத்துக்குப் பொருளே அதுதான். முகலாய அரசில் இந்த உறவு சாதாரணமானதில்லை. கூடப்பிறந்த தம்பியை நம்பாத பேரரசர்கள்கூடப் பால் உறவுக்காரர்களை நம்பிப் பெரிய பதவிகளில் வைத்தார்கள். லாகூரின் பாதுஷாஹி மசூதி 1671 முதல் 1673 வரை கட்டப்பட்டபோது மேற்பார்வை பார்த்தவர் இதே ஃபிதாய் கான்தான். கட்டடமும் தண்ணீரும் தெரிந்த ஆள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிஞ்சோர் தோட்டத்தின் திட்டம் முகலாயத் தோட்டங்களின் வழக்கமான திட்டம்தான். நடுவே நேர்க்கோட்டில் ஒரு வாய்க்கால். அதன் இருபுறமும் நடைபாதை, பூப்பாத்திகள், பழமரங்கள். வாய்க்கால் ஒவ்வோர் அடுக்கின் விளிம்பிலும் அருவியாக விழுந்து அடுத்த அடுக்குக்குப் போகும். இப்படி ஏழு அடுக்குகள். சுற்றிலும் உயரமான மதில்.

ஆனால் ஒரு விஷயத்தில் இது காஷ்மீரின் ஷாலிமார், நிஷாத் தோட்டங்களிலிருந்து மாறுபடுகிறது. அங்கே தால் ஏரிப் பக்கமிருந்து, அதாவது கீழிருந்து உள்ளே போகிறோம். ஒவ்வோர் அடுக்காக மலையை நோக்கி ஏற வேண்டும். தண்ணீர் நமக்கு எதிரே இறங்கி வரும். பிஞ்சோரில் வாசல் மேல் அடுக்கில் இருக்கிறது. வாசலில் நின்று பார்த்தால் தோட்டம் முழுவதும் காலுக்குக் கீழே படிப்படியாக இறங்கிப்போகும். நாமும் தண்ணீரோடு சேர்ந்தே இறங்குகிறோம். இதை ஏதோ கலைப்புதுமை என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது நிலத்தின் சரிவு செய்த வேலையாகத்தான் தோன்றுகிறது. சாலை மேட்டுப்பக்கம் இருக்கிறது, நிலம் சாலையிலிருந்து தாழ்ந்துகொண்டே போகிறது. வாசலைச் சாலையோரம் வைத்தால் அது மேலேதான் அமையும். கிடைத்த நிலத்துக்கு ஏற்பத் திட்டத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் விளைவு அழகாக வந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

அடுக்குகள் வெறும் அழகுக்காகவும் இல்லை. மோட்டார் இல்லாத காலத்தில் செயற்கை நீரூற்று எழும்ப வேண்டுமென்றால் உயரத்தில் தேங்கிய தண்ணீரின் அழுத்தம்தான் ஒரே வழி. மேல் அடுக்கிலிருந்து மண்ணுக்கடியில் குழாய் போட்டு, கீழ் அடுக்கில் சிறு துவாரம் வைத்தால் தண்ணீர் பீச்சியடிக்கும். மேல்மட்டத்தைத் தாண்டி எழும்பாது; உராய்வில் கொஞ்சம் குறையவும் செய்யும். ஏழு அடுக்கு என்றால் அவற்றுக்கு நடுவே ஆறு முறை அந்த உயர வித்தியாசத்தைப் பயன்படுத்தலாம். இதற்கெல்லாம் வருஷம் முழுக்க வற்றாத நீர்வரத்து வேண்டும். பிஞ்சோரை ஃபிதாய் கான் ஏன் தேர்ந்தெடுத்தார் என்ற கேள்விக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

மேல் அடுக்கில் ஷீஷ் மஹால், அதையொட்டி ஹவா மஹால். இரண்டாம் அடுக்கில் ரங் மஹால். அப்புறம் ஊசியிலை மரங்களும் பூப்பாத்திகளுமாக ஓர் அடுக்கு. அதற்கும் கீழே நீருக்கு நடுவே ஜல் மஹால். இன்று நாம் பார்க்கும் கட்டடங்கள் பிற்கால அரசர்களின் கைபட்டு நிறைய மாறியவை. திட்டமும் நீர்வழியும் மட்டும் பழையவை.

கழலைக் கதை

இனி அந்தக் கதை. தோட்டம் முடிந்ததும் ஃபிதாய் கான் குடும்பத்துப் பெண்களோடு வந்து தங்கினார். சுற்றுவட்டார மலை ராஜாக்களுக்கு இது பிடிக்கவில்லை. இவர் வந்தால் பின்னாலேயே அரசவை வரும், படை வரும், வரி வரும். எதிர்த்துச் சண்டை போடவும் முடியாது. அதனால் ஊர் ஊராகத் தேடி, முன்கழுத்தில் பெரிய கழலை உள்ள ஆட்களைப் பிடித்தார்கள். வேலையாட்களாகவும் பூவும் பழமும் விற்கிற பெண்களாகவும் அவர்களைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அந்தப்புரப் பெண்கள் பயந்துபோய் விசாரித்தார்கள். "இந்த ஊர்த் தண்ணீருக்கும் காற்றுக்கும் இப்படித்தான் ஆகும், இங்கே இருக்கிற எல்லோருக்கும் வரும்" என்று பதில் வந்தது. பெண்கள் ஒரு நாள்கூட இருக்க மாட்டோம் என்று அடம்பிடித்தார்கள். ஃபிதாய் கான் மூட்டை கட்டினார்.

1913இல் முகலாயத் தோட்டங்களைப் பற்றி எழுதிய கான்ஸ்டன்ஸ் வில்லியர்ஸ் ஸ்டுவர்ட் இந்தக் கதையைப் பதிவு செய்திருக்கிறார். அதற்குப் பிறகு வந்த சுற்றுலாக் கையேடுகள் எல்லாம் இதையே திருப்பிச் சொல்கின்றன.

இதில் மருத்துவப் பகுதி நன்றாகவே தாங்குகிறது. தைராய்டு சுரப்பி வேலை செய்ய அயோடின் வேண்டும். அது மண்ணிலிருந்து பயிருக்கும் தண்ணீருக்கும் போய் அங்கிருந்து நமக்கு வருகிறது. இமயமலை அடிவாரத்தில் மழையும் ஆறுகளும் மேல்மண்ணை இடைவிடாமல் அரித்துக்கொண்டே இருப்பதால் மண்ணில் அயோடின் தங்குவதில்லை. காஷ்மீர் முதல் அருணாசலம் வரை இந்த மலையடிவாரம் முழுக்கக் கழலைப் பட்டை என்றே மருத்துவ நூல்கள் சொல்லும். அயோடின் போதாதபோது கிடைக்கிற கொஞ்சத்தையும் இழுத்துப் பிடிக்க முயன்று சுரப்பி பெருத்துக்கொண்டே போகிறது. அந்த வீக்கம்தான் முன்கழுத்துக் கழலை. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் வரும். கதையில் கூடை சுமந்து வருகிறவர்கள் பெண்களாக இருப்பது சும்மா சேர்த்த விவரமாக இருக்காது; அந்த ஊரில் கண்ணில் பட்டவர்களே அவர்களாக இருந்திருப்பார்கள்.

"தண்ணீரால் வருகிறது" என்ற உள்ளூர்ப் பேச்சும் சும்மா இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் கில்கித் பள்ளத்தாக்கில் இதே கேள்வியோடு அலைந்தார். கழலை மிகுந்த கிராமத்துத் தண்ணீரில் அடங்கிய வண்டலைத் தானே குடித்தும் பார்த்தார். தண்ணீரில் இருக்கும் ஏதோ கிருமிதான் காரணம் என்பது அவருடைய சந்தேகம். பின்னாளில் இவர் நம் குன்னூருக்கு வந்து உணவுச்சத்து ஆய்வுக்கூடத்தை வளர்த்தார். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் மூலம் அந்தக் குன்னூர்க் கூடம்தான். தண்ணீரில் இருக்கும் ஒன்றைத் தேடினார்கள், அதில் இல்லாத ஒன்றுதான் காரணமாக இருந்தது.

கணக்கைத் தீர்த்து வைத்தது 1956இல் தொடங்கிய காங்க்ரா ஆய்வு. பிஞ்சோருக்கு வடமேற்கே, இதே மலையடிவாரத்தில் இருக்கிறது காங்க்ரா பள்ளத்தாக்கு. வி. ராமலிங்கஸ்வாமியும் கூட்டாளிகளும் அதை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு, ஒன்றுக்குச் சாதாரண உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்புத் தின்ற பகுதிகளில் கழலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சாதாரண உப்புப் பகுதியில் குறையவில்லை. அதை வைத்துத்தான் 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. நம் வீட்டு உப்புப் பாக்கெட்டில் இருக்கும் அயோடினுக்குப் பின்னால் இந்த மலையடிவாரம் இருக்கிறது. (இந்துப்புதான் நல்லது என்று அயோடின் இல்லாத உப்புக்கு முழுசாக மாறிவிட்டவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.)

சரி, நோய் உண்மை. ராஜாக்களின் நிலைமையும் உண்மைதான். பிஞ்சோருக்குப் பக்கத்து மலைநாடு சிர்மூர், தலைநகர் நாஹன். சிர்மூர் ராஜாக்கள் முகலாயருக்கு அடங்கி நடந்தவர்கள். மலையிலிருந்து பனிக்கட்டி வெட்டி தில்லிக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஔரங்கசீப்பின் அக்கா ஜஹானாராவோடு கடிதப் போக்குவரத்தும் அன்பளிப்புகளும் இருந்தன. இப்படிப் பனிக்கட்டி அனுப்பி நல்லபெயர் வாங்குகிறவர்கள் பேரரசரின் பால் சகோதரரை வெளிப்படையாக எதிர்ப்பார்களா? மாட்டார்கள். எதிர்க்க வேண்டுமென்றால் இப்படி, கைகழுவிக்கொள்ள வசதியான வழியில்தான் எதிர்ப்பார்கள். அந்த வகையில் கதை மனிதர்களைச் சரியாகப் பிடித்திருக்கிறது.

உடைகிற இடம் முடிவுதான். ஒரு கோடைக்கு வந்து தங்கிப்போகிறவர்களுக்குக் கழலை வராது. அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அயோடின் இல்லாத உணவைத் தின்று வருகிற நோய். அந்தப்புரப் பெண்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை, பயந்திருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிஞ்சோர் காலியானதை விளக்க இந்தப் பயம் தேவையே இல்லை.

இடமாற்ற உத்தரவு

ஃபிதாய் கானின் பதவிப் பட்டியலைப் பார்த்தால் போதும். 1670களின் தொடக்கத்தில் லாகூர் ஆளுநர். ஆப்கானியர் கலகம் வெடித்ததும் 1674 வாக்கில் காபூல் பக்கம் அனுப்பப்படுகிறார். அப்புறம் ஆஸம் கான் என்ற பட்டத்தோடு வங்காள ஆளுநர். 1678இல் டாக்காவில் இறந்துபோகிறார். காபூலிலிருந்து டாக்கா வரை ஓடிக்கொண்டிருந்த மனிதர் கோடைதோறும் பிஞ்சோருக்கு எப்படி வருவார்?

இது அவருடைய தனிக்கதை இல்லை, முகலாய நிர்வாகமே இப்படித்தான். அதிகாரிகளை ஓர் இடத்தில் வேர்விட விடமாட்டார்கள். ஜாகீர்களை, அதாவது சம்பளத்துக்குப் பதிலாக வரி வசூலிக்க ஒதுக்கிய நிலங்களை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பெரிய அதிகாரி இறந்தால் அவர் சொத்தைப் பேரரசு தன் கணக்கில் எடுத்துக்கொள்வதும் உண்டு. அதனால் பிரபுக்கள் கட்டிய தோட்டங்கள் பலவும் கட்டியவர் காலத்தோடு சரிந்தன. பேரரசர் கைவசம் இருந்தவைதான் தொடர்ந்து பராமரிக்கப்பட்டன. பிஞ்சோர் பெயருக்கு அரசத் தோட்டம் போல இருந்தாலும் உண்மையில் ஓர் அதிகாரியின் தோட்டம்.

அரசவையும் வரவில்லை. ஜஹாங்கீரும் ஷாஜஹானும் கோடை வந்தால் காஷ்மீருக்குக் கிளம்பியவர்கள். ஔரங்கசீப் தன் நீண்ட ஆட்சியில் ஒரே ஒரு முறைதான் காஷ்மீருக்குப் போனார், 1663இல். 1681இல் தக்காணத்துக்குக் கிளம்பினவர் வடக்கே திரும்பவே இல்லை. பணமும் படையும் பிரபுக்களும் அவரோடு தெற்கே வந்துவிட்டார்கள். 1690இலிருந்து 1698 வரை முகலாயப் படை நம் செஞ்சிக் கோட்டையைச் சுற்றிக் கிடந்தது இதன் தொடர்ச்சிதான். மலையடிவாரத்தில் கிடந்த ஒரு தோட்டத்துக்கு வாய்க்கால் தூர்வார யார் ஆள் போடுவார்கள்?

ஆகவே என் தீர்ப்பு இது. கழலைக் கதையில் நோய் நிஜம், மலைராஜாக்களின் வெறுப்பு நிஜம், பெண்களின் பயமும் நடந்திருக்கக்கூடியது. தோட்டம் கைவிடப்பட்டதற்குக் காரணம் தேடினால் இடமாற்றமும், உரிமையாளர் மரணமும், அரசவை தெற்கே போனதும் போதும். உள்ளூர்க்காரர்கள் கதையை ஏன் விரும்பினார்கள் என்பதும் புரிகிறது. தோட்டக்காரர் பணிமாறுதலில் போனார் என்பதில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. நாங்கள் விரட்டினோம் என்றால் பங்கு இருக்கிறது.

பக்கத்தில் கிடந்த கோவில்

இத்தனை பேச்சிலும் கோவில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கழலைக் கதையில் பிஞ்சோர் ஏதோ வெற்றிடம் போலவும், ஃபிதாய் கான் வந்துதான் அங்கே முதல் கல் வைத்தது போலவும் இருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் போனால் விஷயம் வேறு.

பீமாதேவி கோவில், அப்போது வட இந்தியாவை ஆண்ட கூர்ஜரப் பிரதிகாரர் கலை மரபில், 8 முதல் 11ஆம் நூற்றாண்டுக்குள் எழுந்தது. பஞ்சாயதன அமைப்பு: நடுவில் பெரிய கோவில், நான்கு மூலைகளில் நான்கு சிறு சன்னதிகள். இன்று மேலே எழுந்து நிற்கும் கட்டடம் எதுவும் இல்லை. மூன்று பெரிய அதிட்டானங்கள், அதாவது கோவிலின் அடிப்பீடங்கள், வெளிப்பட்டிருக்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட சிற்பங்கள் கிடைத்துள்ளன. சிவன், பார்வதி, விஷ்ணு, கணபதி, கார்த்திகேயன், இசைக்கலைஞர்கள், அப்சரஸ்கள், காமச் சிற்பங்கள் என எல்லாம் உண்டு. காமச் சிற்பங்களைப் பிடித்துக்கொண்டு வட இந்தியாவின் கஜுராஹோ என்று விளம்பரம் செய்கிறார்கள். எனக்கு இந்த ஒப்பீட்டில் உடன்பாடில்லை. கஜுராஹோவில் கோவில் முழுசாக நிற்கிறது. சிற்பம் எந்தச் சுவரில், எந்த உயரத்தில், யாருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்க முடிகிறது. இங்கே அந்த வரிசை போய்விட்டது. இருப்பது கற்கள், சிற்பியின் கை தெரிகிறது, கோவிலின் திட்டம் அதிட்டானத்தில் மட்டும் தெரிகிறது. அந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் கஜுராஹோ என்று கூப்பிட்டு அழைத்துப் போனால் வருகிறவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

கோவில் எப்படி விழுந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 13ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு இந்த வழியாகப் போன படைகளின் கைவரிசை என்று சிலர் சொல்கிறார்கள். ஔரங்கசீப் காலத்தில்தான் இடிக்கப்பட்டது என்பது மற்றவர்கள் பேச்சு. இடித்த கை யாருடையதாக இருந்தாலும், இடிபாட்டின் கற்கள் பக்கத்துத் தோட்டத்தின் கட்டுமானத்துக்குப் போயின என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. கட்டடம் கட்டுகிறவர் கண்ணில் பார்த்தால் இதில் வியப்பில்லை. தூனில் ஆற்றுக் கூழாங்கல்தான் எளிதில் கிடைக்கும்; சதுரமாகச் செதுக்கிய கல் அரிது. ஏழு அடுக்குகளுக்குத் தாங்குசுவரும் சுற்றிலும் மதிலும் கட்ட வேண்டியவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் செதுக்கிய கல் குவிந்து கிடந்தால் என்ன செய்வார்? பக்தனுக்கு இது ஆறுதல் தராது, தெரியும். ஆனால் வெறுப்பு, வசதி, சிக்கனம் எல்லாம் ஒரே சுவருக்குள் இருக்க முடியும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

இங்கே இன்னொரு தொடர்ச்சியும் இருக்கிறது. கோவில் கட்டியவர்கள் தேடி வந்ததும் அதே ஊற்றுகளைத்தான். குளம் இல்லாமல் கோவில் இல்லை என்பது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிற்காலத்தில் குருநானக் இங்கே வந்து தங்கியதன் நினைவாக மஞ்சி சாஹிப் குருத்வாராவும் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே எழுந்தது. ஆக, ஒரே நீர்வரத்தைச் சுற்றி மூன்று வழிபாட்டு, அரச மரபுகள். மூன்றையும் தனித்தனிக் கதையாகச் சொல்லும்போதுதான் பிஞ்சோர் புரியாமல் போகிறது.

பாட்டியாலாவும் அதற்குப் பிறகும்

கைவிடப்பட்ட தோட்டம் காடானது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிஞ்சோர் பாட்டியாலா சீக்கிய அரசர்கள் கைக்கு வந்தது. தோட்டத்தை இறந்துபோகாமல் காப்பாற்றியது அவர்கள்தான். அடுக்குகளைச் செப்பனிட்டு, கட்டடங்களைத் தங்கள் விருப்பத்துக்கு மாற்றி, கோடையில் வந்து தங்கினார்கள். ஃபிதாய் கானுக்கு இல்லாத ஒன்று அவர்களுக்கு இருந்தது: அதே ஊரைத் தலைமுறை தலைமுறையாக ஆளும் உறுதி. தோட்டத்துக்கு அதுதான் வேண்டும். மாமரம் காய்க்க நட்டவர் காத்திருக்க வேண்டுமே.

கடைசி மகாராஜா யாதவிந்திர சிங் பெயரில்தான் இன்று யாதவிந்திரா தோட்டம் என்று அழைக்கப்படுகிறது. நம் ஊரோடு இவருக்கு ஒரு சின்னத் தொடர்பு உண்டு. 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்த டெஸ்ட் போட்டியில் ஆடினார். அவர் ஆடிய ஒரே டெஸ்ட் அது. இரண்டாவது இன்னிங்ஸில் 60 ஓட்டங்கள் எடுத்தார். சுதந்திரத்துக்குப் பிறகு, பாட்டியாலாவும் கிழக்குப் பஞ்சாப் சமஸ்தானங்களும் சேர்ந்த பெப்சு மாநிலத்தின் ராஜபிரமுகராக, அதாவது ஆளுநருக்கு இணையான தலைவராக, இருந்தார். 1974இல் நெதர்லாந்தில் இந்தியத் தூதராக இருந்தபோது இறந்தார். பீமாதேவி கோவில் இடம் மாநிலப் பாதுகாப்புக்கு உட்பட்ட சின்னமானதும் அதே 1974இல்தான்.

1966இல் ஹரியானா பிறந்தபோது பிஞ்சோர் அதன் பங்குக்கு வந்தது. தோட்டம் சுற்றுலாத் துறையிடம் போனது. விடுதி, உணவகம், சிறு விலங்குக்காட்சி, ஜப்பானியத் தோட்டம் எல்லாம் சேர்ந்தன. ஜூலையில் மாம்பழத் திருவிழா நடக்கும். அதற்குக் கூட்டம் அலைமோதும். கோவில் இடம் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. திறந்தவெளி அருங்காட்சியகமாகச் சிற்பங்களை வைத்திருக்கிறார்கள். அங்கே மாம்பழம் இல்லை, கூட்டமும் இல்லை.

ஊரும் மாறிவிட்டது. 1960களில் வந்த, எச்எம்டி என்ற மத்திய அரசு நிறுவனத்தின் தொழிற்சாலைதான் ரொம்ப காலம் பிஞ்சோருக்கு இன்னொரு அடையாளம். டிராக்டர் பிரிவு 2016இல் மூடப்பட்டது. கடந்த பத்தாண்டுகளுக்கும் மேலாக சிம்லா போகும் வண்டிகள் பெரும்பாலும் புறவழிச்சாலையில் பறந்துவிடுகின்றன. முன்பெல்லாம் நெரிசலில் மாட்டிக்கொண்டு, சரி வந்ததுதான் வந்தோம் என்று தோட்டத்தில் இறங்கியவர்கள் உண்டு. இப்போது தேடித்தான் வர வேண்டும்.

செய்ய வேண்டியது என்று பார்த்தால்

தேடி வருகிறவருக்கு என்ன சொல்வது என்பதுதான் இந்த இடத்தின் இன்றைய சிக்கல். ஒன்றுக்கொன்று மதில் பங்கிடும் இரண்டு இடங்கள், இரண்டு துறைகள், இரண்டு கதைகள். தோட்டத்துக்குள் கோவில் வராது. கோவிலில் தோட்டம் கல் எடுத்த எதிரியாக மட்டும் வரும். இப்படி இருக்கும் வரை, ஒரு பக்கம் அழகு, மறுபக்கம் புண் என்று மனசு தானாகப் பிரித்துக்கொள்ளும். யாராவது அரசியல் செய்ய நினைத்தால் அந்தப் பிரிவு அவர்களுக்கு வசதியும்கூட.

நானாக இருந்தால் முதலில் கோவிலுக்குப் போகச் சொல்வேன். அதிட்டானத்தைச் சுற்றி நடந்துவிட்டு, செதுக்கிய கல் எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்கிக்கொண்டு, அப்புறம் தோட்டத்தில் இறங்க வேண்டும். சுவர்களைப் பார்க்கிற விதமே மாறிவிடும். துறைகள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, செலவும் அதிகம் ஆகாது. தோட்டத்தின் மதில், தாங்குசுவர், வாய்க்கால் கரை எல்லாவற்றையும் கல் கல்லாகப் பார்த்து, எவை கோவிலிலிருந்து வந்தவை என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும். எடுத்துப் பிடுங்கி மறுபடி கோவில் கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. பிடுங்கினால் தோட்டமும் போகும், கோவிலும் வராது. இருக்கிற இடத்திலேயே அடையாளம் காட்டினால் போதும். சிற்பங்களின் அளவையும் மீந்திருக்கும் அதிட்டானத்தின் அளவையும் இந்தக் கற்களின் அளவையும் சேர்த்தால், அந்த நடுக்கோவிலின் உயரத்தை ஓரளவு கணக்கிட்டுவிடலாம்.

ஷீஷ் மஹால் வாசலில் கழலைக் கதையைத் தாராளமாகச் சொல்லட்டும். கூடவே காங்க்ராவையும் சொல்லட்டும், ஃபிதாய் கான் டாக்காவில் இறந்ததையும் சொல்லட்டும்.